கரை மறுத்த சரக்கும் காப்புறுதியும்

கடலில் மூழ்கிய சரக்குக்கு இழப்பீடு கேட்பது எவருக்கும் விளங்கும் நியாயம். புயல் அடித்தது, கப்பல் உடைந்தது, மூட்டைகள் நனைந்தன, காப்புறுதிக் கழகம் பணம் கொடுத்தது என்றால் அதில் வியப்பதற்கு ஒன்றுமில்லை. ஆயின், புயலைக் கடந்து, பாறைக்குத் தப்பி, பழுது சிறிதுமின்றித் துறைமுகம் வந்தடைந்த சரக்கை, 'இந்நாட்டில் இறக்கலாகாது' என்று ஓர் அரசாணை தடுத்து நிறுத்துமாயின், அவ்விழப்பு யாரைச் சாரும்? சரக்கு கெடவில்லை, ஆனால் விலைபோகவில்லை. கடல் தீங்கு செய்யவில்லை, கரை மறுத்துவிட்டது. இவ்வினா வணிகர்க்கும் வழக்கறிஞர்க்கும் மட்டுமே உரியதென நாம் ஒதுக்கிவிடுதல் தகாது. கெடா மாநிலத் தோட்டங்களில் பால்மரம் வெட்டியும் செம்பனைக் குலை அறுத்தும் வாழ்ந்த நம் மக்களின் உழைப்பு, கப்பலேறி அயல்நாட்டுக் கரையை அடைந்த பின்னரே பணமாகியது. ஆதலின், கரை மறுத்த சரக்கின் வரலாறு ஒருவகையில் நம் வரலாறும் ஆகும்.

பண்டை வாணிபமும் அரசாணையும்

கடாரம் என்றவுடன் நம் மாணவர் நினைவிற்கு வருவது 1025-ஆம் ஆண்டில் நிகழ்ந்த இராசேந்திர சோழனின் படையெடுப்பே. அதற்குப் பன்னூறு ஆண்டுகட்கு முன்னரே பூஜாங் பள்ளத்தாக்கும் மெர்போக் ஆற்றுமுகமும் வாணிபக் களங்களாக விளங்கின. காவிரிப்பூம்பட்டினத்துத் துறையில் குவிந்த பண்டங்களைக் கூறும் பட்டினப்பாலை, காழகத்திலிருந்து வந்த பொருளையும் குறிக்கின்றது. காழகம் என்பது கடாரமே என உரைகாரர் கொள்வர். அத்துறையில் சுங்கம் கொள்வோர் பண்டங்களின்மீது புலிப் பொறியிட்டுப் போக்கினர் என்பதும் அந்நூல் தரும் செய்தி. ஆகவே, சரக்கின்மீது அரசின் கை படிவது நம் மரபில் மிகப் பழைமையானது.

அக்கை வாங்குவதோடு நில்லாமல் தடுக்கவும் செய்தது. நாட்டிற்குக் கேடு விளைக்கும் பண்டங்களையும் பயனற்ற பண்டங்களையும் உள்ளே விடலாகாது என்று கௌடிலியரின் அர்த்த சாத்திரம் விதிக்கின்றது. அதே நூல், கடன் வட்டியைப் பற்றிக் கூறுமிடத்து, பொதுவாக நூறு பணத்திற்குத் திங்களொன்றுக்கு ஒன்றேகால் பணம் எனவும், கடல் வணிகர்க்கோ இருபது பணம் எனவும் வகுக்கின்றது. கடன் கொடுத்தவன் கடலின் இடரையும் தன் தலைமேல் ஏற்றான். அதற்குரிய விலையே அவ்வுயர்ந்த வட்டி. காப்புறுதி என்னும் ஏற்பாட்டின் வித்தை ஈண்டுக் காண்கின்றோம். ஆனால், அவ்விலை கடலுக்கு உரிய விலை. அரசு மறுத்தால் என்னாவது என்பது வேறு கணக்கு.

அரசே இடராக நின்ற காலமும் உண்டு. காகதீய மன்னன் கணபதி தேவன் 1244-ஆம் ஆண்டளவில் மோட்டுப்பள்ளித் துறைமுகத்தில் பொறித்த அபய சாசனம் இதற்குச் சான்று. புயலால் கரையொதுங்கிய கப்பல்களின் பொன்னையும் யானையையும் குதிரையையும் மணிகளையும் முந்தைய அரசர் கைப்பற்றி வந்தனர். தான் அவ்வாறு செய்வதில்லை. முப்பதில் ஒரு பங்கு சுங்கம் தவிர வேறொன்றும் கொள்வதில்லை என்று அம்மன்னன் வாக்களித்தான். சுமத்திரா தீவின் பாரூசில் 1088-ஆம் ஆண்டில் கல்வெட்டுப் பொறித்த ஐந்நூற்றுவர் போன்ற தமிழ் வணிகக் குழுவினர்க்கு, இத்தகைய அரச வாக்குறுதியே அக்காலக் காப்புறுதியாக விளங்கியது எனலாம்.

பின்னர் ஐரோப்பியர் வந்தனர். சோழமண்டலக் கரையின் அச்சுத் துணிகள் இங்கிலாந்தில் பெருவிருப்பம் பெற்றபோது, அந்நாட்டு நெசவாளர் கொதித்தெழுந்தனர். 1700, 1721 ஆகிய ஆண்டுகளில் இயற்றப்பட்ட இரு சட்டங்கள் அத்துணிகளை அந்நாட்டில் உடுத்துவதையும் பயன்படுத்துவதையும் தடுத்தன. முதற்சட்டத்தின்படி அத்தகைய துணிகளைப் பண்டகசாலையில் பூட்டி வைத்து மறு ஏற்றுமதி செய்யலாமேயன்றி உள்நாட்டில் விற்றல் கூடாது. துணி நனையவில்லை; சாயம் மங்கவில்லை; சட்டம் ஒன்றே அதன் விலையைக் குறைத்தது.

'மன்னர் தடை' என்னும் சொற்றொடர்

இலண்டனில் இலாயிட்சு காப்பகத்தார் 1779-ஆம் ஆண்டில் ஒரு காப்புறுதிப் பத்திர வடிவத்தை வரையறுத்தனர். ஏறத்தாழ இருநூறு ஆண்டுகள் உலகெங்கும் வழங்கிய அப்பத்திரம், கடல், நெருப்பு, பகைவர், கடற்கொள்ளையர் ஆகிய இடர்களோடு, மன்னர், இளவரசர், மக்கள் ஆகியோர் செய்யும் பிடிப்பு, தடை, நிறுத்தம் ஆகியவற்றையும் காக்கப்படும் இடர்களாக எண்ணியது. இதனைப் படிப்போர், 'அரசு தடுத்தால் இழப்பீடு உண்டு' என்றே கொள்வர். நீதிமன்றங்களோ அவ்வளவு எளிதாகக் கொள்ளவில்லை.

1803-ஆம் ஆண்டில் தீர்ப்பான ஒரு வழக்கினை முதலில் காண்போம். இங்கிலாந்திலிருந்து நேப்பிள்சு துறைமுகத்திற்கு மீன் ஏற்றிய கப்பல், அத்துறை பிரித்தானியக் கப்பல்களுக்கு அடைக்கப்பட்டதென அறிந்து தன் பயணத்தைக் கைவிட்டது. வணிகர் இழப்பீடு கேட்டார். நீதிமன்றம் மறுத்தது. இடர் நேராகச் சரக்கின்மீது வந்து தாக்க வேண்டும்; தாக்கும் என்னும் அச்சத்தால் தாமே திரும்பிச் சென்றது காப்புறுதிக்குள் அடங்காது என்பது தீர்ப்பின் சாரம்.

நூறு ஆண்டுகள் கழித்து, 1903-இல், அர்சென்டினாவிற்கு அனுப்பப்பட்ட கால்நடை பற்றிய வழக்கு எழுந்தது. நோய் காரணமாக அந்நாட்டரசு கால்நடையை இறக்கவிடவில்லை. இம்முறை நீதிபதிகள், இஃது உண்மையாகவே அரசின் தடைதான் என ஒப்பினர். ஒப்பியும் வணிகர்க்குப் பணம் கிட்டவில்லை. காரணம், 19-ஆம் நூற்றாண்டு முடியும் தறுவாயில் காப்பாளர்கள் பத்திரத்தில் வேறொரு வரியைச் சேர்த்து வழங்கத் தொடங்கியிருந்தனர். பிடிப்பு, கைப்பற்றல், நிறுத்தம் ஆகியவற்றின் பொறுப்பிலிருந்து காப்பாளர் நீங்கியவர் என்பதே அவ்வரி. பழைய பத்திரம் மேலே ஒரு கையால் தந்ததை, ஓரத்தில் சேர்ந்த புதிய வரி மறு கையால் பறித்துக்கொண்டது.

மூன்றாவது வழக்கு 1916-இல் பிரபுக்கள் அவை தீர்ப்பளித்தது. பிரித்தானிய வணிகர் அர்சென்டினாவிலிருந்து செருமனியின் அம்பர்க்கு துறைக்கு ஆளிவிதை அனுப்பினர். 1914 ஆகத்தில் போர் மூண்டது; பகை நாட்டோடு வாணிபம் சட்டவிரோதம் ஆயிற்று; கப்பல்கள் பிரித்தானியத் துறைகளுக்குத் திரும்பின. ஆளிவிதை ஒரு மணியும் கெடவில்லை. எனினும், காக்கப்பட்டது சரக்கு மட்டுமன்று, அது போய்ச் சேர வேண்டிய பயணமுமாகும். அப்பயணத்தை அரசு முறித்தது. ஆதலின் இழப்பீடு உண்டு என அவை கூறியது. இங்குப் பத்திரம் போர் இடரையும் காத்தது. வணிகர் வென்றனர். ஆனால் காப்பாளர்கள் வாளாவிருக்கவில்லை. அரசுத் தடையால் பயணம் முறிந்தது என்பதை மட்டும் காட்டி இழப்பீடு கேட்டலாகாது என்னும் விலக்கு வரியைப் போர்க் காப்புறுதியில் சேர்த்துவிட்டனர்.

இம்மூன்று வழக்குகளையும் சேர்த்து நோக்கின் ஓர் உண்மை புலப்படும். வணிகர் நீதிமன்றத்தில் ஒரு வாயிலைத் திறக்கும்தோறும், பத்திரத்தில் ஒரு வரி சேர்ந்து அவ்வாயில் அடைபட்டது. 1982-இல் பழைய பத்திரம் நீங்கிப் புதிய சரக்குக் காப்புறுதி விதிகள் வந்தன. 2009-இல் அவை திருத்தப்பட்டன. அவற்றுள் மிக விரிவானது 'எல்லா இடர்களும்' என்னும் பெயரால் வழங்கும் முதல் வகை. அதனுள்ளும் தாமதத்தால் விளையும் இழப்பு விலக்கு. பிடிப்பும் தடையும் நிறுத்தமும் விலக்கு. போர் இடரைத் தனியே வாங்கினாலும், அது போரோடும் கலகத்தோடும் தொடர்புடைய தடைகளையே காக்கும். அமைதிக் காலத்தில் ஒரு வாணிக அமைச்சகம் வெளியிடும் இறக்குமதித் தடையை அன்று. உணவுப் பொருள்களுக்கு 'மறுப்புக் காப்புறுதி' எனத் தனியே ஒன்று உண்டு. அதுவும் குறித்த ஒரு சரக்கு உணவுத் தரத்தில் குறைந்ததென மறுக்கப்படும் நிலைக்கே பெரும்பாலும் பயன்படும். நாடு முழுமைக்குமான தடைக்கு அன்று.

மூடா ஆற்றின் இரு கரைகள்

இச்சட்டம் நம் நாட்டிற்கு எவ்வாறு வந்தது? மலாயாவின் 1956-ஆம் ஆண்டுக் குடியியல் சட்டத்தின் 5-ஆம் பிரிவு, வேறு சட்டம் இயற்றப்படாத அளவில், கடற்காப்புறுதி உள்ளிட்ட வாணிகச் செய்திகளில் ஆங்கிலச் சட்டம் பொருந்தும் என்கின்றது. எனவே இங்கிலாந்தின் 1906-ஆம் ஆண்டுக் கடற்காப்புறுதிச் சட்டமே இங்கும் அடிப்படை. இந்தியா 1963-இல் தனக்கெனக் கடற்காப்புறுதிச் சட்டம் இயற்றிக்கொண்டது. அதுவும் 1906-ஆம் ஆண்டுச் சட்டத்தை அடியொற்றியதே.

ஈண்டுக் கெடா மக்கள் கருத்தில் இருத்தத்தக்க நுட்பம் ஒன்றுண்டு. அப்பிரிவு, கெடா உள்ளிட்ட மலாய் மாநிலங்களுக்கு 7.4.1956 அன்று இங்கிலாந்தில் இருந்த சட்டத்தையும், பினாங்கு, மலாக்கா முதலியவற்றிற்கு வழக்கு எழும் காலத்தில் இங்கிலாந்தில் உள்ள சட்டத்தையும் உரித்தாக்குகின்றது. பினாங்கு 1786 முதல் ஆங்கிலேயர் ஆட்சியில் இருந்த குடியேற்றம், கெடா அவ்வாறன்று, அவ்வரலாற்று வேறுபாட்டின் நிழலே இது. இங்கிலாந்து 2015-இல் தன் காப்புறுதிச் சட்டத்தைத் திருத்தியது. அத்திருத்தம் மூடா ஆற்றின் தென்கரைக்கும் வடகரைக்கும் ஒன்றுபோல் பொருந்துமா எனும் வினா இயல்பாகவே எழும். சுங்கை பட்டாணியில் பொதிந்த சரக்கு பட்டர்வொர்த்தில் கப்பலேறுகின்றது. இடையில் ஓடுவது ஓர் ஆறுதான்.

ஒரே திங்களில் இரு நிகழ்ச்சிகள்

2020 சனவரித் திங்களில் நிகழ்ந்த இரண்டு செய்திகள் இப்பொருளை நம் வாயிற்படிக்கே கொணர்ந்தன.

முதலாவது செம்பனை எண்ணெய் பற்றியது. 2019-இல் மலேசிய எண்ணெயை மிகுதியாக வாங்கிய நாடு இந்தியா. அவ்வாண்டில் அது வாங்கியது ஏறத்தாழ 44 இலட்சம் டன். அவ்வாண்டு செப்டம்பரில் ஐக்கிய நாடுகள் பொதுப்பேரவையில் அந்நாளைய பிரதமர் துன் மகாதீர் முகம்மது, கெடாவின் அலோர் ஸ்டாரில் பிறந்தவர், காசுமீர் குறித்து இந்தியாவைக் குறைகூறிப் பேசினார். அக்டோபரில் இந்திய எண்ணெய் ஆலையார் சங்கம், மலேசிய எண்ணெய் வாங்குவதைத் தவிர்க்குமாறு தன் உறுப்பினரைக் கேட்டுக்கொண்டது. 8.1.2020 அன்று இந்திய அரசு, சுத்திகரித்த செம்பனை எண்ணெயைத் 'தடையற்றது' என்னும் பட்டியலிலிருந்து 'கட்டுப்படுத்தப்பட்டது' என்னும் பட்டியலுக்கு மாற்றியது. அவ்வாணையில் மலேசியா என்னும் பெயரே இல்லை. சுத்திகரியாத எண்ணெய்க்குத் தடையும் இல்லை. எனினும் சுத்திகரித்த எண்ணெயை மிகுதியாக அனுப்பியது மலேசியாவே. 30,000 டன்னுக்கு மேற்பட்ட எண்ணெய் இந்தியத் துறைமுகங்களில் தேங்கியதாக அந்நாளில் செய்திகள் வந்தன. அவ்வெண்ணெயில் நீர் கலக்கவில்லை; தொட்டியில் கசிவும் இல்லை. காப்புறுதிப் பத்திரம் தேடும் இடர் ஒன்றுமே அங்கு நிகழவில்லை. அக்கட்டுப்பாடு 2021 சூன் இறுதியில்தான் தளர்த்தப்பட்டது.

இரண்டாவது, நாம் மறுத்த சரக்கைப் பற்றியது. 2018-இன் தொடக்கத்தில் சீனா நெகிழிக் கழிவு இறக்குமதியைத் தடை செய்ததும், அக்கழிவு மலேசியாவை நோக்கிப் பெருகியது. அவ்வாண்டின் முதல் ஏழு திங்களில் மட்டும் ஏழரை இலட்சம் டன்னுக்கு மேல் வந்தது. உரிமமின்றி இயங்கிய ஆலைகள் சுங்கை பட்டாணி வட்டாரத்தில் பெருகின. இரவில் எரித்த நெகிழியின் நாற்றத்தால் மக்கள் துன்புற்று முறையிட்டனர். அரசு நடவடிக்கை எடுத்தது. 20.1.2020 அன்று பட்டர்வொர்த்தில் அந்நாளைய அமைச்சர் இயோ பீ யின், 13 நாடுகளுக்கு 150 கொள்கலன்கள், 3,737 டன் கழிவு திருப்பி அனுப்பப்பட்டதாக அறிவித்தார். அதற்கான செலவில் மலேசிய அரசு ஒரு காசும் தரவில்லை. கப்பல் நிறுவனங்களும் ஏற்றுமதி, இறக்குமதி செய்தோருமே ஏற்றனர் என்றும் கூறினார்.

இவ்விரண்டையும் அருகருகே வைத்து நோக்குக. பன்னிரண்டு நாள் இடைவெளியில், ஒன்றில் நம் சரக்கு மறுக்கப்பட்டது. மற்றொன்றில் நாம் மறுத்தோம். முன்னதைக் கொடுமை என்றும் பின்னதை நீதி என்றும் கூற மனம் விழையும். சுங்கை பட்டாணிப் பிள்ளைகள் தூய காற்றை மூச்சுவிட வேண்டுமாயின், ஓர் அரசுக்குச் சரக்கை மறுக்கும் உரிமை இருந்தே தீர வேண்டும். அவ்வுரிமையை நமக்குக் கோரும் நாம், பிற அரசுக்கு அது இல்லை என்றல் இயலாது. நோயைத் தடுக்க மறுப்பதும் அரசியல் சினத்தால் மறுப்பதும் அறத்தால் வேறுபட்டவை. ஆனால் காப்புறுதிப் பத்திரத்தின் கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. இரண்டையும் அது ஏற்பதில்லை.

இலங்கைக் கடலில் அலைந்த கப்பல்

அடுத்த ஆண்டே இலங்கையில் மற்றொரு நிகழ்ச்சி நடந்தது. 2021-இல் அவ்வரசு செயற்கை உர இறக்குமதியைத் தடுத்துவிட்டு, சீனாவிலிருந்து இயற்கை உரம் வாங்க முற்பட்டது. அனுப்பிய மாதிரிகளில் தீய நுண்ணுயிர் இருப்பதாக இலங்கைத் தாவரத் தொற்றுத்தடுப்பு நிலையம் கண்டு மறுத்தது. 20,000 டன் உரத்தோடு இப்போ இசுபிரிட் என்னும் கப்பல் கரை சேர இயலாது பல வாரங்கள் அக்கடற்பரப்பில் அலைந்தது. கொழும்பு நீதிமன்றம், அரசுக்குச் சொந்தமான மக்கள் வங்கி பணம் தருவதைத் தடுத்தது. சீனத் தூதரகம் அவ்வங்கியைக் கறுப்புப் பட்டியலில் சேர்த்தது. முடிவில் 2022 சனவரியில், தன் மண்ணில் இறங்காத உரத்திற்காக இலங்கை ஏறத்தாழ 70 இலட்சம் அமெரிக்க டாலர் செலுத்தியது. அந்நியச் செலாவணி வறண்டு, மருந்துக்கும் எரிபொருளுக்கும் நாடு தவித்த காலம் அது. மறுத்த நாடே இழப்பையும் சுமந்தது.

இழப்பின் பயணம்

காப்புறுதி ஏற்காத இழப்பு மறைந்து போவதில்லை. வேறொரு தோளைத் தேடிச் செல்கின்றது. அத்தோள் எது என்பதை விற்பனை ஒப்பந்தம் முடிவு செய்யும். விலை, காப்புறுதி, கப்பல் கூலி மூன்றையும் உள்ளடக்கிய ஒப்பந்தத்தில், சரக்கு கப்பலேறியதும் இடர் வாங்குவோனைச் சேர்கின்றது. உரிய ஆவணங்கள் வந்தால் அவன் பணம் செலுத்தியாக வேண்டும். தன் நாட்டரசு மறுத்தது என்பது தானாகவே அவனை விடுவிப்பதில்லை. விடுவிக்கும் வரி ஒப்பந்தத்தில் இருந்தால்தான் உண்டு. வாங்குவோன் முறித்துக்கொண்டால், விற்போன் வேறு கரை தேடிக் குறைந்த விலைக்குத் தள்ள நேரிடும். அவ்விலைக் குறைவு ஆலைக்கு வரும். ஆலையிலிருந்து குலையின் விலைக்கு இறங்கும். கூலிம், பாடாங் செராய், பீடோங் வட்டாரங்களில் சில ஏக்கர் செம்பனை வைத்திருப்போரின் கைக்கு எட்டும். ரப்பர் விலையோடு கூலியை இணைத்த ஒப்பந்தங்களின் கீழ் வாழ்ந்த நம் பெற்றோர்க்கு இப்பாதை புதிதன்று. உலகின் எங்கோ ஒரு கரையில் விலை சரிந்தால், இங்கே சம்பள நாளில் அது தெரிந்தது. பத்திரத்தின் வரி தெரிந்தவன் இழப்பை அடுத்தவனிடம் தள்ளுகின்றான், தெரியாதவன் வாங்கிக்கொள்கின்றான், வரிசையின் கடைசியில் நிற்பவனுக்குத் தள்ள ஆள் இல்லை.

நாம் கற்க வேண்டுவது

இதில் தமிழாசிரியர்க்கு என்ன பணி என வினவலாம். பெரும்பணி உண்டு என்பேன். 'எல்லா இடர்களும்' என்று தலைப்பிட்ட பத்திரம் எல்லா இடர்களையும் காப்பதில்லை. தலைப்பு ஒன்று கூறுகின்றது. உள்ளே விலக்கு வேறு கூறுகின்றது. ஒரு சொல்லின் பொருளை அதன் முன்னும் பின்னும் நின்ற சொற்களைக் கொண்டு தெளிவது பொருள்கோள். செய்யுளுக்கு மட்டும் நாம் அதனைக் கற்பிக்கின்றோம். காப்புறுதிப் பத்திரம், வேலை ஒப்பந்தம், வாடகை ஒப்பந்தம், வங்கிக் கடன் தாள் ஆகிய யாவும் பொருள்கோளை வேண்டி நிற்கும் உரைநடையே. நம் பிள்ளைகள் வணிகராகவும் ஏற்றுமதிச் செயலகங்களில் பணியாளராகவும் வளர்ந்து வருகின்றனர். அவர்கள் கையொப்பமிடும் தாளில் மூன்று வினாக்களைக் கேட்டறியப் பழக வேண்டும்: எது காக்கப்படுகின்றது? எது விலக்கப்படுகின்றது? விலக்கப்பட்டது நேர்ந்தால் யார் தருவார்?

கருத்துணர்தல் பயிற்சிக்கு நாம் கதைப் பகுதிகளைத் தேர்ந்தெடுப்பது நன்றே. அவற்றோடு ஆண்டிற்கு ஒரு முறையேனும் இத்தகைய உரைப் பகுதியொன்றை எளிய தமிழில் எழுதி வகுப்பில் வைத்தல் நலம். வரலாற்றுப் பாடத்தில் கடாரம் வரும்போது, படையெடுத்த மன்னனோடு, சுங்கத்துறையில் தன் மூட்டைகளுக்கு அருகே காத்து நின்ற வணிகனையும் மாணவர்க்குக் காட்டுதல் வேண்டும். அவனுக்கு மோட்டுப்பள்ளிச் சாசனம் போன்ற ஓர் அரச வாக்கு துணை நின்றது. இன்றைய வணிகனுக்கும் தோட்டக்காரனுக்கும் துணை நிற்பது, கையொப்பத்திற்கு முன்னர்ப் படித்து உணரப்பட்ட ஒரு வரியே. அதனைப் படிக்கும் ஆற்றலைப் பள்ளியிலேயே விதைக்க ஆசிரியப் பெருமக்கள் முன்வருவார்களாக.